தீவனத்தில் பூஞ்சை நச்சு: ஈஸ்ட் எதுவரை கைகொடுக்கும்?

பூஞ்சை நச்சைப் பிடிக்க ஈஸ்ட் கலந்த தீவனத்தை நச்சு அளவு பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, "கலக்குவதற்கு முன்பு வந்த அதே எண்தான் இப்போதும் வருகிறது, பிறகு எதற்கு இந்தச் செலவு?" என்று கேட்கும் பண்ணையாளர்கள் நாமக்கல் பக்கம் நிறையப் பேர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஈஸ்ட் வேலை செய்யும் இடம் தீவன மூட்டை அல்ல, கோழியின் குடல். காய்ந்த தீவனத்தில் அது வெறுமனே கிடக்கும். கோழி தின்று, தீவனம் தீனிப்பையில் ஊறி, அரைவைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கும்போதுதான் ஈஸ்ட் செல்லின் சுவர் நீரில் உப்பி, நச்சு மூலக்கூறுகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். ஒட்டியது ரத்தத்தில் கலக்காமல் எச்சத்தோடு வெளியே போய்விடும். ஆய்வகத்தில் நச்சைப் பிரித்தெடுக்க மெத்தனால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கரைப்பான் ஈஸ்ட் பிடித்து வைத்ததையும் கழற்றிக் கொண்டுவந்துவிடும். அதனால் எண் பெரிதாக மாறாது. கலந்த பிறகு எண் சட்டென்று குறைந்திருந்தால், மாதிரி எடுத்த முறையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கால்சியம் புரோப்பியோனேட் போன்ற பூஞ்சைத் தடுப்பானும் ஈஸ்ட்டும் ஒன்றுக்கு மாற்று ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். தடுப்பான் பூஞ்சையை வளரவிடாது. ஆனால் ஏற்கெனவே உண்டாகிவிட்ட நச்சை அது தொடக்கூட முடியாது. ஈஸ்ட் சுவர் உண்டாகிவிட்ட நச்சைப் பிடிக்கும், மூட்டைக்குள் வளரும் பூஞ்சையைத் தடுக்காது. மழைக்காலத்தில் இரண்டுமே தேவைப்படலாம். ஒன்றைப் போட்டதால் மற்றதை நிறுத்த முடியாது.

எந்த நச்சு என்று தெரியாமல் ஈஸ்ட் போடுவதில் பயனில்லை

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அதில் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்கிய நச்சுக்குத்தான் பிறகு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. நம் ஊர்த் தீவனத்திலும் முதல் எதிரி இதுதான். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மூன்றிலும் வரும். அதிலும் பி1 என்ற வகை மிகக் கொடியது. கோழித் தீவனத்துக்கான ஐஎஸ் 1374 தரக்குறிப்பு பி1-க்கு வைத்திருக்கும் மேல்வரம்பு 20 பிபிபி. ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாத்து இதைத் துளியும் தாங்காது, அடுத்தது வான்கோழி. முட்டைக்கோழி ஓரளவு தாங்கும், குஞ்சுகள் தாங்காது.

சூடுபடுத்தினால் போய்விடும் என்ற நம்பிக்கையை இப்போதே விட்டுவிடுங்கள். குச்சித் தீவனம் பிழியும் இயந்திரத்தில் 80, 85 டிகிரிதான் வருகிறது. அஃப்ளாடாக்சின் சிதைய 240 டிகிரியை நெருங்க வேண்டும். பூஞ்சை செத்துப்போகும், நச்சு அப்படியே இருக்கும். கண்ணுக்குப் பூஞ்சையே தெரியாத மக்காச்சோளத்திலும் நச்சு நிறைய இருக்க இதுதான் காரணம்.

அஃப்ளாடாக்சின் தவிர சியரலினோன், ஓக்ராடாக்சின், டி-2, டான் என்று வேறு பூஞ்சை நச்சுகளும் உண்டு. ஈஸ்ட் சுவர் எல்லா நச்சையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. சியரலினோனை நன்றாகப் பிடிக்கும். அஃப்ளாடாக்சினை ஓரளவு பிடிக்கும். ஓக்ராடாக்சினைக் குறைவாகத்தான் பிடிக்கும். டி-2, டான் போன்றவற்றில் ஈஸ்ட்டும் சரி, நச்சைப் பிடிக்கப் போடும் பெண்டோனைட் என்ற களிமண்ணும் சரி, பெரிதாக உதவாது. கோழியின் வாயோரத்திலும் நாக்கின் நுனியிலும் மஞ்சள் படலத்தோடு புண் இருந்தால் அது டி-2 ஆக இருக்கலாம். அங்கே ஈஸ்ட் அளவைக் கூட்டிக்கொண்டே போவது காசைக் கரைக்கும் வேலை, தானியத்தை மாற்றுவதுதான் வழி. சிறுநீரகம் வீங்கி, வெளுத்து, உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் உப்பு படிந்திருந்தால் ஓக்ராடாக்சினையும் சந்தேகிக்கலாம். ஆனால் தண்ணீர்த் தட்டுப்பாடும் அதிகக் கால்சியமும் இதே தோற்றத்தைத் தரும்.

அஃப்ளாடாக்சின் என்றால் கல்லீரலைப் பாருங்கள். நல்ல கல்லீரல் கருஞ்சிவப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். நச்சு ஏறிய கல்லீரல் வெளுத்து மஞ்சளாகி, ஓரம் மழுங்கி, விரலால் அழுத்தினால் உதிரும். பொரித்த முதல் சில நாட்களில் குஞ்சின் கல்லீரல் இயல்பாகவே மஞ்சளாகத்தான் இருக்கும், கருவுணவுக் கொழுப்பு அங்கே வந்து சேர்வதால். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முட்டையிடும் கோழி கொழுத்துப்போனாலும் கல்லீரல் மஞ்சளாகும். ஒரு கோழியை அறுத்துப் பார்த்து முடிவெடுக்காமல், ஒரே கொட்டகையில் நான்கைந்தைப் பாருங்கள்.

ஒரு விதை போதும்

அஃப்ளாடாக்சின் மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. பூஞ்சை பிடித்த சில விதைகளில் குவிந்து கிடக்கும். ஒரே மக்காச்சோள விதையில் 4 லட்சம் பிபிபி வரை இருக்கலாம். 0.3 கிராம் எடையுள்ள அப்படி ஒரு விதையில் 120 மைக்ரோகிராம் நச்சு இருக்கும். அதை 5 கிலோ சுத்தமான மக்காச்சோளத்தோடு சேர்த்து அரைத்தால் மொத்தமும் 24 பிபிபி, அதாவது வரம்பைத் தாண்டிவிடும். லாரியின் பின்பக்கத்தில் இரண்டு மூட்டையிலிருந்து கைப்பிடி அள்ளி அனுப்பிய மாதிரி பூஜ்யம் காட்டுவதும், அதே லாரித் தீவனம் தின்ற கோழி நோய்ப்படுவதும் இதனால்தான்.

மூட்டைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து அத்தனை மூட்டையிலாவது குத்தூசி போடுங்கள். 100 மூட்டைக்கு 10, 400 மூட்டைக்கு 20. மேல், நடு, அடி மூன்று இடத்திலும் குத்தி எடுக்க வேண்டும். மொத்தம் 5 கிலோவாவது சேர வேண்டும். முக்கியமான இடம் இனிமேல்தான்: அந்த 5 கிலோவையும் முழுதாக அரைத்துவிட்டு, நன்றாகக் கலக்கி, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை எடுத்து மீண்டும் கலக்கி, கடைசியில் அரை கிலோவை அனுப்புங்கள். அரைக்காமல் முழு விதையிலேயே பிரித்தால், அந்த ஒரு கெட்ட விதை எந்தப் பங்குக்குப் போகும் என்பது குருட்டு அதிர்ஷ்டம்தான். மாதிரியைக் காகித உறையிலோ துணிப்பையிலோ வைத்து உடனே அனுப்புங்கள். ஈரமான மாதிரியை பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்தால் போகும் வழியிலேயே நச்சு பெருகும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. லாரி இறக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டுமானால் பட்டைச் சோதனைக் கருவி வாங்கி வைத்துக்கொள்ளலாம். வரம்பை ஒட்டி வரும் எண்களை மட்டும் ஆய்வகத்தில் உறுதி செய்யுங்கள்.

புறஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும் உடைந்த விதைகளைப் பார்த்து "இதோ நச்சு" என்று சொல்வது வழக்கம். அங்கே ஒளிர்வது அஃப்ளாடாக்சின் அல்ல. அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலம் விதையோடு வினைபுரிந்து உண்டான பொருள் அது. பூஞ்சை அங்கே வாழ்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. லாரியைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசிக்க உதவும். எத்தனை பிபிபி என்று சொல்லாது.

ஈஸ்ட்டுக்கு முன் சல்லடை

இந்த ஒரு வேலை எந்த ஈஸ்ட்டைவிடவும் மலிவு. நச்சு பெரும்பாலும் உடைந்த விதையிலும் தூசியிலும்தான் இருக்கும், ஏனென்றால் பூஞ்சை நுழைவதே தோல் உடைந்த இடத்தில்தான். 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வட்டத் துளைச் சல்லடையில் சலித்து, கீழே விழுவதைத் தனியே ஒதுக்குங்கள். அது கூட்டிப் பெருக்கிச் சேர்த்துவைத்து மீண்டும் தீவனத்தில் கலக்கும் பொருள் அல்ல. பல ஆலைகளில் அது சத்தமில்லாமல் மிக்ஸருக்குத் திரும்பிப் போகிறது. சலித்த வேலை முழுதும் அங்கே வீண்.

ஈரப்பதம் 12 சதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கர்நாடகத்திலிருந்து மழை முடியுமுன் அறுவடையாகி வரும் மக்காச்சோளத்தில் இது பெரும் தலைவலி. சிமெண்ட் களத்தில் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் கொட்டாமல், மணிக்கொரு முறை கிளறிவிட்டுக் காயவைக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே மூட்டை கட்டாதீர்கள். இரவில் குளிரும்போது உள்ளே நீர் கோர்த்து, மூட்டையின் மேல்பகுதி மட்டும் பூஞ்சை பிடிக்கும். அடுக்கும்போது தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரம், சுவரிலிருந்து ஒரு கை எட்டும் இடைவெளி.

இதையெல்லாம் செய்யாமல் ஈஸ்ட்டை மட்டும் நம்புவது ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றும் வேலை.

எந்த ஈஸ்ட்

நாம் பேசுவது பெரும்பாலும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே இனத்தைத்தான். ரொட்டிக்குப் போடுவது, பீர் காய்ச்சுவது, கள் நுரைப்பது எல்லாம் இதன் வேலை. 1993-ல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, அஃப்ளாடாக்சின் கொடுத்த கறிக்கோழிக் குஞ்சுகளின் தீவனத்தில் 0.1 சதம், அதாவது டன்னுக்கு ஒரு கிலோ ஈஸ்ட் சேர்த்தபோது பாதிப்பு குறைந்ததைக் காட்டியது. அதைத் தொடர்ந்து பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தேவகவுடா குழு, ஈஸ்ட் சுவரில் இருக்கும் மன்னன், குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிகளை எடுத்துப் பல ஆண்டுகள் கோழிகளில் சோதித்தது. இன்று கடையில் கிடைக்கும் ஈஸ்ட் சுவர்ப் பொடிகளுக்கு அடித்தளம் இதுபோன்ற வேலைகள்தான்.

இங்கே பலரும் எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு. நச்சைப் பிடிக்க ஈஸ்ட் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. சூட்டில் செத்த செல் உயிருள்ள செல்லைவிடக் கூடுதலாகவே பிடிப்பதாகச் சோதனைக்குழாய் ஆய்வுகள் காட்டுகின்றன, சுவர் தளர்ந்து உள்ளடுக்குகள் வெளியே தெரிவதால். அதனால் குச்சித் தீவனத்தின் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடுமே என்ற கவலை நச்சைப் பொறுத்தவரை வேண்டாம். குடல் நலத்துக்காக உயிருள்ள ஈஸ்ட் வேண்டுமென்றால் அது வேறு கணக்கு. அதற்கு நாமக்கல்லில் முட்டைக்கோழிக்குப் போடும் மாவுத் தீவனம்தான் ஏற்றது, அதில் சூடு படுவதில்லை.

ஈஸ்ட் செல்லின் உலர் எடையில் சுவர் சுமார் 15 முதல் 30 சதம்தான். எனவே ஒரு கிலோ சுவர்ப் பொடிக்கு ஈடாக முழு ஈஸ்ட் 4, 5 கிலோ வரை வேண்டியிருக்கும். உலர்த்திய பீர் ஈஸ்ட்டை அந்த அளவில் போடுவதில் தப்பில்லை. அதில் 40 சதத்துக்கு மேல் புரதம் இருப்பதால் சோயாப் புண்ணாக்கில் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டின் விலையையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது பையின் மேல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஈஸ்ட் சுவர், ஈஸ்ட் கல்ச்சர், உயிருள்ள ஈஸ்ட் மூன்றும் வெவ்வேறு சரக்குகள். ஈஸ்ட் கல்ச்சர் என்பது ஈஸ்ட் வளர்ந்த ஊடகத்தோடு சேர்த்து உலர்த்தியது, அதில் சுவர் கொஞ்சம்தான் இருக்கும். சுவர்ப் பொடி என்று விற்பதில் மன்னன், குளுக்கான் எத்தனை சதம், சாம்பல் எத்தனை சதம் என்று கேளுங்கள். நல்ல சுவர்ப் பொடியில் சாம்பல் குறைவு. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி வையுங்கள். ஈஸ்ட் சுவர் பால்போல் கலங்கி நெடுநேரம் மிதந்து நிற்கும். சில நிமிடத்திலேயே அடியில் தனியாக வெள்ளைப் படிவு இறங்கி, விரலால் தேய்த்தால் நறநறவென்றால் சுண்ணாம்புத் தூளோ மண்ணோ கலந்திருக்கிறது. அந்தப் படிவில் வினிகர் ஊற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு நுரைக்கும், மண் நுரைக்காது. மண் கலந்த கூட்டுச் சரக்கு என்று பையிலேயே எழுதியிருந்தால் அது ஏமாற்று இல்லை. சொல்லாமல் கலந்திருந்தால்தான் ஏமாற்று.

உயிருள்ள ஈஸ்ட்டுக்கு வேறு சோதனை: 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். கால் மணி நேரத்துக்குள் மேலே நுரை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் செத்த சரக்கு.

பண்ணையிலேயே காய்ச்சலாமா

வெல்லம் கரைத்து, ரொட்டி ஈஸ்ட் போட்டு ஊறவைத்துத் தீவனத்தில் தெளிக்கும் முறை நிறையப் பரவியிருக்கிறது. இதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்று ஊதாமல் டிரம்மில் ஊறவைக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைப் பெரும்பாலும் சாராயமாக மாற்றிவிடும், தன் உடம்பை வளர்த்துக்கொள்வது கொஞ்சம்தான். 100 கிராம் சர்க்கரைக்கு 10 கிராம் உலர் ஈஸ்ட் கிடைத்தால் அதிகம். ஒரு டன் தீவனத்துக்கு ஒரு கிலோ உலர் ஈஸ்ட் வேண்டுமென்றால் 10 கிலோ சர்க்கரை, அதாவது 12 கிலோவுக்கு மேல் வெல்லம் வேண்டும். அரை கிலோ வெல்லம் கரைத்த 10 லிட்டர் கரைசலில் கிடைப்பது 40 கிராம் ஈஸ்ட். டன்னுக்கு 40 கிராம் ஈஸ்ட், நச்சைப் பிடிக்கக் காணாது. கரைசலின் மணமும் புளிப்பும் கோழியைக் கூடத் தின்ன வைக்கலாம், குடலுக்கும் கொஞ்சம் நல்லது செய்யலாம். நச்சுக்கு மருந்து என்று அதை நம்பக்கூடாது.

கள் மண்டியில் இருப்பதும் இதே இயற்கை ஈஸ்ட்தான். யாழ்ப்பாணத்தில் அப்ப மாவைப் புளிக்கவைப்பது அது. ஆனால் அதில் பாக்டீரியாவும் வேறு ஈஸ்ட்களும் கலந்திருக்கும், ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடையும் இருக்கிறது. அளவு சொல்லித் தீவனத்தில் போடக்கூடிய பொருள் அல்ல.

பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட் குழம்பு கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. 100 லிட்டரில் 10 முதல் 15 கிலோ உலர்பொருள் இருக்கும். வந்த உடனே அகலமான அண்டாவில் ஊற்றி, கிளறிக்கொண்டே 80 டிகிரிக்குச் சூடாக்கி அரை மணி நேரம் வைத்திருங்கள். இப்படிக் கொல்லாமல் போட்டால் தொட்டியிலும் பீப்பாயிலும் பொங்கிக்கொண்டே இருக்கும். கொன்றால் நச்சு பிடிக்கும் திறனும் கூடும். வெயில் காலத்தில் சூடாக்காத குழம்பு ஒரே நாளில் கெட்டு நாறும். சூடாக்கியதை அப்படியே தீவனத்தில் ஊற்ற வேண்டாம். 10 லிட்டர் குழம்பில் ஏறக்குறைய 9 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, ஒரு டன் தீவனத்தின் ஈரத்தை அது கிட்டத்தட்ட ஒரு சதம் ஏற்றிவிடும். 11.5 சதத்தில் பத்திரமாக இருந்த தீவனம் 12-ஐத் தாண்டி, நச்சைக் குறைக்கப் போட்ட பொருளே பூஞ்சைக்கு வழிவிடும். குழம்பைத் தவிட்டில் பிசறி, மெல்லியதாகப் பரப்பி, கையில் எடுத்தால் உதிரும்வரை காயவைத்து, ஈரம் 10 சதத்துக்குக் கீழே வந்த பிறகே மூட்டை கட்டுங்கள். மேகமூட்டமான நாளில் இந்த வேலையை எடுக்க வேண்டாம். மாலைக்குள் காயாத தவிடு மறுநாள் பச்சைப் பூஞ்சையோடு இருக்கும்.

இந்தக் குழம்போடு பூஞ்சைத் தடுப்பானை ஒரே வாளியில் கலப்பதையும் பார்க்க முடிகிறது. ஈஸ்ட்டும் பூஞ்சை இனம்தான். செத்த ஈஸ்ட் என்றால் பரவாயில்லை. உயிருள்ள ஈஸ்ட் வேண்டுமென்று போடுபவர்கள் இரண்டையும் தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில் மிக்ஸரில் போட வேண்டும்.

அளவும் கலக்கும் முறையும்

பி1 அளவு 20 பிபிபிக்குக் கீழே இருந்தால் டன்னுக்கு அரை முதல் ஒரு கிலோ ஈஸ்ட் சுவர் போதும். 20-லிருந்து 50-க்குள் வந்தால் சுவர்ப் பொடி 1 முதல் 2 கிலோ, கூடவே தரமான பெண்டோனைட் 2 முதல் 3 கிலோ. அஃப்ளாடாக்சின் தட்டையான மூலக்கூறு என்பதால் மண்ணின் அடுக்குகளுக்கு நடுவே நன்றாகச் சிக்கும், இந்த ஒரு நச்சில் மண் ஈஸ்ட்டைவிடத் திறமையானது. சியரலினோன் போன்ற நச்சுகளில் மண் கைவிரிக்கும்போது ஈஸ்ட் உதவும். இரண்டும் சேர்ந்து போகக் காரணம் இதுதான். மண்ணை டன்னுக்கு 5 கிலோவுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். மோனென்சின், சாலினோமைசின் போன்ற ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகளையும் டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் அது பிடித்துக்கொள்ளும். மருந்து போட்டும் ரத்தக்கழிச்சல் வருகிறது என்றால் இதையும் பாருங்கள். ஈஸ்ட் சுவரில் இந்தத் தொல்லை குறைவு, அது ஈஸ்ட் பக்கம் இருக்கும் பெரிய நன்மை.

50-க்கு மேல் வந்த மக்காச்சோளத்தைக் குஞ்சுக்கும் வளர்பருவக் கோழிக்கும் போடவே போடாதீர்கள். 100-ஐத் தாண்டியதை எந்தக் கோழிக்கும் வேண்டாம், ஈஸ்ட் எத்தனை கிலோ போட்டாலும் சரி. நல்லதோடு கலந்து அளவைக் குறைத்துவிடலாம் என்ற யோசனை எளிதாக வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படிக் கலப்பதே சட்டப்படி தடை. கெட்ட விதைகள் எங்கே குவியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முட்டைக்கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தின்கிறது. டன்னுக்கு ஒரு கிலோ என்றால் அதற்குக் கிடைப்பது 0.11 கிராம் ஈஸ்ட், ஒரு சிட்டிகை. மிக்ஸரில் ஒரே இடத்தில் கொட்டிவிட்டால் ஒரு வரிசைக்குப் பத்து மடங்கு போகும், அடுத்த வரிசைக்கு ஒன்றும் போகாது. ஒரு கிலோவை முதலில் 10 கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் கையால் கலக்கி, அதை 50 கிலோவாக்கி, மிக்ஸர் பாதி நிறைந்தபோது போட வேண்டும். படுக்கை மிக்ஸருக்கு 4, 5 நிமிடம் போதும், நிற்கும் மிக்ஸருக்குக் கால் மணி நேரம் வேண்டும். நிற்கும் மிக்ஸரின் அடியில் தேங்கும் முதல் சில கிலோவை எடுத்து மேலே திருப்பிப் போடுங்கள்.

கூடவே மெத்தியோனின் அளவையும் பாருங்கள். அஃப்ளாடாக்சினைக் கல்லீரல் செயலிழக்கச் செய்வது குளுட்டாதயோன் என்ற பொருளின் மூலம். அந்தப் பொருளை உண்டாக்க மெத்தியோனின் போன்ற கந்தக அமினோ அமிலம் வேண்டும். நச்சு இருக்கும் காலத்தில் மெத்தியோனின், கோலின், வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவற்றைக் குறைத்துச் சிக்கனம் செய்தால் ஈஸ்ட் காப்பாற்றியதையும் இழந்துவிடுவீர்கள். எவ்வளவு கூட்டுவது என்பதை உங்கள் தீவன நிபுணரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பலன் எப்போது தெரியும்

மூன்றாம் நாள் முட்டை கூடவில்லை என்று ஈஸ்ட்டை நிறுத்துபவர்கள் அதிகம். மஞ்சள் கரு வேகமாக வளர்வது முட்டையிடுவதற்கு முந்தைய 10 நாட்களில். அதற்கான கொழுப்பையும் புரதத்தையும் செய்து அனுப்புவது கல்லீரல். அடிபட்ட கல்லீரல் தேறி, புதுக் கரு வளர்ந்து, அது முட்டையாக வெளிவர இரண்டு வாரமாவது ஆகும். மூன்று வாரம் பொறுத்து, முட்டை எடையையும் தீவனம் தின்னும் அளவையும் தினமும் எழுதிவைத்துப் பாருங்கள். முதலில் திரும்புவது பசி, பிறகுதான் முட்டை.

நச்சு பர்சா உறுப்பைச் சுருக்கி நோய் எதிர்ப்பை அடித்துவிடும் என்பதால், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, கம்போரோ தடுப்பூசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரையாவது இருப்பதிலேயே சுத்தமான மக்காச்சோளத்தை அந்தக் கொட்டகைக்கு ஒதுக்குங்கள். தடுப்பூசி போட்ட இரண்டு, மூன்று வாரத்தில் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவைச் சோதித்து எழுதிவைத்தால், தீவனம் சரியாக இருக்கிறதா என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி வேறு இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் பலன் இல்லையென்றால் தீவனத் தொட்டியைப் போய்ப் பாருங்கள். கோடையில் ஃபாகர் என்ற நீர்த்தெளிப்பான் சொட்டும் இடத்திலும், தண்ணீர் நிப்பிள் ஒழுகும் இடத்திலும் மாவு ஈரமாகிக் கட்டி கட்டியாகத் தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். பிய்த்துப் பார்த்தால் உள்ளே பச்சை. ஆலையில் எத்தனை கவனமாகக் கலந்திருந்தாலும் அங்கே புதிதாக நச்சு உண்டாகிறது. சைலோவின் உள்சுவரில் பாளம் பாளமாக ஒட்டியிருப்பதும் அப்படித்தான். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கும்படி தீவனம் அரைக்க வேண்டாம்.

எத்தனால் ஆலையில் தானியத்திலிருந்து மிஞ்சும் உலர் சக்கையான டிடிஜிஎஸ் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எத்தனால் ஆலையில் மாவுச்சத்து முழுதும் சாராயமாகப் போய்விடுவதால், மிஞ்சும் பொருளில் நச்சு மூன்று மடங்காகச் செறியும். தானியம் 20 பிபிபி என்றால் டிடிஜிஎஸ் 60 பிபிபி. அதில் ஆலை போட்ட ஈஸ்ட்டும் இருக்கிறதே, அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். ஈஸ்ட் இருப்பது உண்மை, ஆனால் மூன்று மடங்கு நச்சுக்கு அது ஈடுகொடுக்காது. ஒவ்வொரு லாரிக்கும் தனிச் சோதனை இல்லாமல் இறக்கக்கூடாது.

நச்சை உடைக்கும் ஈஸ்ட்

பிடித்துக்கொள்வதோடு நிற்காமல் நச்சையே உடைக்கும் ஈஸ்ட்டும் இயற்கையில் உண்டு. டிரைக்கோஸ்போரான் மைக்கோடாக்சினிவோரன்ஸ் என்ற இனத்தைக் கரையானின் குடலிலிருந்து எடுத்து 2004-ல் விவரித்தார்கள். அது ஓக்ராடாக்சினில் ஒட்டியிருக்கும் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை வெட்டிவிடும். மிஞ்சுவது நச்சுத்தன்மை மிகக் குறைந்த துண்டு. சியரலினோனையும் அது உடைக்கும். ஈஸ்ட் சுவர் சரியாகப் பிடிக்காத ஓக்ராடாக்சினுக்கு இது பொருத்தமான துணை. ஆனால் இதற்கு ஈஸ்ட் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், குச்சித் தீவனத்தில் சூடு தாங்கும் வகையில் பூச்சிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். அஃப்ளாடாக்சினுக்கு இதை வாங்க வேண்டாம், அதற்கு மண்ணும் சுவரும்தான்.

கழித்த தானியம்

ஒதுக்கிய சல்லடைத் தூசியையும் 100 பிபிபி தாண்டிய தானியத்தையும் "கோழிக்குத்தானே ஆகாது" என்று பக்கத்துத் தோட்டத்துக் கறவை மாட்டுக்கு விற்றுவிடாதீர்கள். மாடு தின்ற பி1, எம்1 என்ற அஃப்ளாடாக்சினாக மாறிப் பாலில் வரும். பாலுக்கு வரம்பு லிட்டருக்கு அரை மைக்ரோகிராம்தான், அதைக் குடிப்பது குழந்தைகள். எத்தனால் ஆலைக்குக் கொடுத்தால் அது மூன்று மடங்காகி டிடிஜிஎஸ் வடிவில் நம் மிக்ஸருக்கே திரும்பிவரும். உமி எரிக்கும் கொதிகலனிலோ செங்கல் சூளையிலோ எரித்துவிடுங்கள். அள்ளிப் போடும் ஆட்கள் மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொண்டுதான் அள்ள வேண்டும்.